றெஜிபோம் மணவறை

ஜேர்மனியில் எந்தக் குப்பைக்கும் போக ஓர் இடம் உண்டு. பச்சைப் போத்தலுக்கு ஒன்று, மண்ணிறப் போத்தலுக்கு ஒன்று, வெட்டிய புல்லுக்கு ஒன்று, செத்த பற்றரிக்கு ஒன்று. வந்த புதிதில் இதைக் கண்டு வியந்தேன். பிறகு பழகிக்கொண்டேன். இப்போது புதிதாகக் குடிவரும் ஜேர்மன்காரருக்கே நான்தான் சொல்லிக்கொடுக்கிறேன். ஆனால் போன சித்திரையில் ஒரு சனிக்கிழமை, வுப்பர்டாலில் எங்கள் பகுதிக் கழிவு முற்றத்தில் வான் வண்டியின் பின்கதவைத் திறந்தபோது அங்கு நின்ற பணியாளர் திகைத்துப்போனார். உள்ளே தங்கநிறம் பூசிய ஆளுயர அன்னங்கள் இரண்டு கழுத்து முறிந்து கிடந்தன. இரண்டும் றெஜிபோம் என்கிற பாரமில்லாத வெள்ளை நுரைப் பலகையில் செய்தவை. அவர் ஒன்றைத் தட்டிப் பார்த்துவிட்டு, இது பொதிக்குள் வைத்து வந்ததா, வீட்டுச் சுவருக்குள் குளிர் புகாமல் வைக்கிறதா என்று கேட்டார். அந்த இரண்டுக்கும் அவரிடம் தனித்தனிக் கொள்கலன்கள் இருந்தன. "இரண்டும் இல்லை, இது ஒரு பறவை" என்றேன். எந்தக் கழிவு எங்கே என்று எழுதியிருந்த அறிவிப்புப் பலகையை மேலிருந்து கீழாக வாசித்தார். பிறகு, "பறவைக்கு எங்களிடம் இடமில்லை. என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை" என்றார். அன்னங்களைத் திருப்பி வீட்டுக்கே கொண்டுவந்தேன். அந்த மனிதரில் எனக்குத் துளி கோபமும் இல்லை. தெரியாததைத் தெரியாது என்று சொன்னவர் அவர். தெரியாததைத் தெரியும் என்று எழுதிச் சுவரில் மாட்டியவர்களைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

முதலில் என்னைப் பற்றி ஒரு வார்த்தை. திகதி விஷயத்தில் நான் பிடிவாதக்காரன். பின்பக்கத்தில் திகதி எழுதாமல் ஒரு படத்தை அல்பத்தில் வைக்கமாட்டேன். வுப்பர்டால் தமிழரின் கதையை யாரும் ஒழுங்காக எழுதிவைக்கவில்லையே என்ற எரிச்சலில் நானாகத் தொடங்கிய வேலை இது. யாரும் கேட்டு நான் செய்யவில்லை. ஆகவே, அவர்கள் யாரைப் பற்றி அப்படி எழுதினார்களோ அந்த ஓவியர் மயூரியின் வாழ்க்கையில் எது எப்போது நடந்தது என்பதை என்னால் நிச்சயமாகச் சொல்ல முடியும். இரண்டு ஜேர்மனிகளும் ஒன்றான அந்த ஐப்பசியில், வுப்பர்டாலில் ஓர் ஆஸ்பத்திரியில் அவள் பிறந்தாள். தகப்பனுக்குத் தொழிற்சாலையில் வேலைமுறை. தாய் தவமணியை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப்போனது என்னுடைய பழைய கார். போகிற வழியெல்லாம் வானொலியில் ஒன்றிணைப்பைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள். தவமணி வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "அண்ணை, உவங்கள் எப்பவோ சேரட்டும், நீங்கள் கெதியா ஓடுங்கோ" என்றார்.

தவமணி கிழமை நாட்களில் ஹோட்டல் அறைகள் துப்புரவாக்குவார். வார இறுதிகளில் கொண்டாட்ட மேடைகளை அலங்கரிக்கும் சோடனைக்காரி. நாடு விட்டு நாடு வந்தபோது நாங்கள் விட்டுவராத ஒன்று, பெண்பிள்ளை பெரியவளானதைக் கொண்டாடும் சாமத்தியவீடு. ஊரில் வீட்டு முற்றத்தோடு முடிந்த காரியம் இங்கே தொழிற்பேட்டை மண்டபங்களில் கல்யாணத்துக்கு நிகராக வளர்ந்துவிட்டது. மண்டபம் எடுத்தால் மேடையில் மணவறை வேண்டும். மணவறைக்குத் தூண்கள், அன்னங்கள், சிம்மாசனம், சிவப்புக் கம்பளம் விரித்த படிகள் வேண்டும். ஆட்கள் ஏறும் படிகளை மரத்தில் அடித்து, மற்ற எல்லாவற்றையும் தவமணி தன் கராஜில் றெஜிபோமில் வெட்டினார். சூடேறிய கம்பியால் அறுக்கும்போது றெஜிபோமின் ஓரம் கருகி உள்வாங்கும். அதன்மேல் தங்கப் பூச்சு அடித்தால் யாருக்கும் தெரியாது. யூரோ காசு கைக்கு வந்த ஆண்டு மயூரிக்கே சாமத்தியவீடு நடந்தது. தாய் செய்த சிம்மாசனத்தில், சிரிக்கமாட்டேன் என்று அடம்பிடித்த முகத்தோடு அவள் உட்கார்ந்திருக்கும் படம் என்னிடம் இருக்கிறது. ஜேர்மனியில் உலகக்கிண்ணம் நடந்த கோடையில், அயல் பிள்ளைகள் எல்லாரும் கொடிபிடித்துத் தெருவில் ஓட, அவள் கராஜுக்குள் நின்று தூண்களுக்குத் தாமரை இதழ் வெட்டிக்கொண்டிருந்தாள். அவளுடைய கலைப் பயிற்சி அங்கேதான் தொடங்கியது. இதை எந்தக் கண்காட்சிப் பட்டியல் நூலிலும் நீங்கள் வாசிக்க முடியாது.

அவள் ஓவியம் படிக்கப்போவதாகச் சொன்னபோது எங்கள் சனம் நடந்துகொண்ட விதத்தையும் மறைக்கப்போவதில்லை. மண்டபக் குசினியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த ரூபி அக்கா, எல்லாருக்கும் கேட்கும்படி தொடங்கினார். "என்ன தவமணி, பெட்டை படம் கீறப் போறாளாம்? ஜேர்மன்காரன் சுவருக்குப் பெயின்ற் அடிக்கவே அவுஸ்பில்டுங் எண்டு தொழிற்படிப்புக் கேக்கிறான். அதையாவது படிக்கச் சொல்லன்."

"அவள் விரும்பினதைப் படிக்கட்டும் அக்கா."

"விரும்பினதைப் படிச்சு? ஆர் கட்டுவான்?"

"உங்கட மகள் பார்மசி படிக்கிறாள்தானே. முடிச்ச உடன எனக்கொரு தலையிடிக் குளிசை தரச் சொல்லுங்கோ. உங்களோட கதைச்சாத் தேவைப்படுது."

குசினி முழுக்கச் சிரித்தது. ஆனால் அதன் பிறகு இரண்டு ஆண்டுகளாக மயூரியை எந்தக் கொண்டாட்டத்திலும் ஒருவரும் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. "படம் கீறுற பெட்டை" என்பதே அவளுடைய பெயராக இருந்தது.

கலைக்கல்லூரியில் அவள் முதலில் வரைந்தது ஓட்டோபான் நெடுஞ்சாலையின் இரைச்சல் தடுப்புச் சுவர்களை. அவர்களுடைய வீட்டின் பின்யன்னலால் தெரிவது அதுதான். சாம்பல் நிறத்தில் அத்தனை சாயல்கள் உண்டு என்று அந்தப் படங்களைப் பார்த்துத்தான் அறிந்தேன். பேராசிரியர் நன்றாக இருக்கிறது என்றார். பிறகு, இதில் நீ எங்கே என்று கேட்டார். அவள், "அந்தச் சுவருக்கு இந்தப் பக்கம் நிற்கிறேன்" என்று சொன்னாள். அவர் பொறுமையாகச் சிரித்து, தான் கேட்பது அவளுடைய உண்மையான மண்ணை என்றார். வுப்பர்டாலில் பிறந்த பிள்ளையிடம் கேட்ட கேள்வி இது! அவளோடு படித்த ஜேர்மன் பையன் ஒருவன் வாழைப்பழத்தை வரைந்துகொண்டிருந்தான். உன்னுடைய மண்ணில் வாழை ஏது என்று அவனை யாரும் கேட்கவில்லை. ஆத்திரத்தில் அடுத்த கிழமை தாயின் கராஜிலிருந்து பூச்சு அடிக்காத தூண் ஒன்றையும் உடைந்த அன்னம் ஒன்றையும் தூக்கிக்கொண்டுபோய் வகுப்பின் நடுவில் போட்டாள். "இந்தாங்கோ என்ர மண் எண்டு போட்டன் மாமா. பேராசிரியருக்குக் கண் கலங்கிப்போச்சு" என்று என்னிடம் சொன்னபோது அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. கருகிய ஓரங்களைக் கண்டு அவர்கள் எரிந்த கோயில் என்று நினைத்துவிட்டார்கள். அன்றிலிருந்து அவளுடைய பெயர் ஏறத் தொடங்கியது. அவளுடைய கதை தேயத் தொடங்கியது.

பத்தாண்டுகளுக்கு மேலாக நான் அவளுடைய கண்காட்சிகளுக்குப் போய்வருகிறேன். பிராங்பேர்ட்டில் ஒரு வங்கியின் கீழ்த்தளம், சிறு நகரங்களின் கலைக்கூடங்கள், கூட்டுக் கண்காட்சிகள். ஒவ்வொரு இடத்திலும் அவளுடைய வாழ்க்கைக் குறிப்பில் போர் கொஞ்சம் கொஞ்சமாகப் பருத்துக்கொண்டு வந்தது. முதலில் அகதிகளின் மகள். அடுத்ததில் போரின் பிள்ளை. பிறகு ஒரு பத்திரிகை அவளைப் போரிலிருந்து தப்பி வந்தவளாகவே ஆக்கிவிட்டது. போர் முடிந்த பிறகு ஒருமுறை யாழ்ப்பாணம் போனாள். தண்ணீர் ஒத்துக்கொள்ளாமல் வயிற்றோட்டத்தோடு திரும்பினாள். அவளுக்கும் அந்த மண்ணுக்கும் உள்ள நேரடித் தொடர்பு அவ்வளவுதான். தூண்களில் தெரிவது சூட்டுக் கம்பியின் கருகல் என்று அவள் நேர்மையாகச் சொல்லுவாள். அதைத் தன்னடக்கம் என்று எடுத்துக்கொண்டு தலையாட்டுவார்கள். "திருத்தித் திருத்திக் களைச்சுப்போனன்" என்பாள்.

எனக்குக் களைக்கவில்லை, எரிந்தது. இன்றும் எரிகிறது. போரைக் கண்டவர்கள் நாங்கள். இரண்டு தரம் இடம்பெயர்ந்து, தமையனைப் பறிகொடுத்து, எல்லை கடத்திவிடும் ஏஜென்சிக்காரனின் பின்னால் பனியில் நடந்து வந்தவர் தவமணி. அவர் துப்புரவாக்கும் ஹோட்டல் அறையில் தங்குகிறவர்கள் அவரிடம் மேலதிகத் துவாய் கேட்பார்கள், வேறெதுவும் கேட்டதில்லை. கண்டவரிடம் கேட்க மனமில்லாத போரை, அதைக் காணாத மகளின் கழுத்தில் மாலையாகப் போட்டு, அதற்கு முன்னால் வைன் குவளையோடு நின்று துக்கப்படுகிறார்கள். இந்தத் துக்கத்தால் அவர்களுக்கு ஒரு சல்லிக்கும் சிரமம் இல்லை. மாலை ஆறு மணிக்கு வந்து எட்டு மணிக்குப் போய்விடலாம்.

சென்ற ஆண்டுதான் அவளுக்குப் பெரிய வாய்ப்பு வந்தது. ரைன் கரையில் உள்ள ஒரு நகரத்தின் அருங்காட்சியகம் அவளுக்குத் தனிக் கண்காட்சி ஒழுங்கு செய்தது. அங்கு வைக்கப்போகும் பெரிய படைப்பைத் தங்கள் நிரந்தரச் சேகரிப்புக்கு வாங்கும் எண்ணமும் இருப்பதாகச் சொன்னார்கள். இது என்ன பெரிய விஷயம் என்று ஊரில் இருப்பவர்கள் நினைக்கக்கூடும். ஓர் அருங்காட்சியகம் வாங்கினால்தான் இங்கே ஒரு கலைஞர் இருந்தார் என்பதற்கே சாட்சி. மயூரி வாடகைக்கு எடுத்து ஓவியம் வரைந்த பழைய நெசவு ஆலைக் கூடத்தை உரிமையாளர் விற்கப்போவதாகச் சொல்லியிருந்தார். இந்த வாய்ப்பும் தவறினால் தூரிகையை வைத்துவிட்டு ஒரு பாடசாலையில் வேலை தேடுவதாக அவள் தாயிடம் சொல்லியிருந்தாள். அவளுக்கு வேண்டியது ஒன்றுதான்: தாயின் மணவறை, மணவறையாகவே அந்த அருங்காட்சியகத்துக்குள் போகவேண்டும். தவமணி இருபது வருடத்துக்கு மேல் பாவித்துக் கழித்த தூண்களையும் அன்னங்களையும் சிம்மாசனத்தையும் சேர்த்து, பூச்சு உரிந்த இடங்களை உரிந்தபடியே விட்டு, முன்னால் மூன்று படிகள் வைத்து, அருங்காட்சியகத்தின் வெள்ளை அறைக்குள் ஒரு முழு மணவறையைக் கட்டினாள்.

திறப்புவிழா ஒரு ஞாயிறு காலையில் நடந்தது. எங்கள் சனம் கார்களிலும் ரயிலிலும் வந்து இறங்கியது. பத்திரிகையில் படம் வந்த நாளிலிருந்து அவள் எல்லாருக்கும் "எங்கட பிள்ளை" ஆகிவிட்டாள். பெயின்ற் அடிக்கச் சொன்ன ரூபி அக்கா காஞ்சிபுரப் பட்டுச் சேலையில் வந்திருந்தார். பேச்சுகள் முடிந்து அறைக்கதவு திறந்தது. ஜேர்மன்காரர்கள் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, சுவரோரம் அமைதியாக நின்று பார்த்தார்கள். எங்கள் சனம் மணவறையைக் கண்டதும், ஒருவரும் சொல்லாமலே, படிகளுக்கு முன்னால் வரிசையாக நின்றது. நம் மண்டபங்களுக்குப் போனவர்களுக்கு இது விளங்கும். மணவறை என்றால் குடும்பம் குடும்பமாக ஏறி, பிள்ளையோடு படம் எடுத்து, மறுபக்கத்தால் இறங்கிச் சாப்பாட்டுக்குப் போவது. அப்படி ஏறாமல் போனால் வந்ததற்கே அர்த்தமில்லை, வீட்டுக்காரருக்கும் மனக்குறை.

"தாயும் மகளும் முதல்ல ஏறுங்கோ" என்று ரூபி அக்கா பொறுப்பை எடுத்துக்கொண்டார். "மயூரி, அங்கால நிண்டு என்ன பார்க்கிறாய்? சிம்மாசனத்துக்குப் பக்கத்தில நில்லு பிள்ளை."

மயூரி ஒரு கணம் தயங்கினாள். பிறகு தாயின் கையைப் பிடித்துக்கொண்டு ஏறினாள். முதல் குடும்பம் ஏறியது. காவலர் ஓடிவந்து, மிதிக்க வேண்டாம், மிதிக்க வேண்டாம் என்று கைகளை அகல விரித்தார். வரிசையில் நின்ற ஒருவர் அவரை ஒழுங்குபடுத்த வந்தவர் என்று நினைத்து, "ஓம் ஓம், நெருக்கமாட்டம், ஒவ்வொரு குடும்பமாத்தான் வாறம்" என்று தமிழிலேயே சொல்லி, அவருடைய தோளைத் தட்டினார். மூன்றாவது குடும்பம் ஏறியபோது சேலைத் தலைப்பு மாட்டி ஓர் அன்னத்தின் கழுத்து முறிந்து விழுந்தது. அறையின் ஜேர்மன் பாதி ஒரே நேரத்தில் மூச்சை உள்ளே இழுத்தது. தமிழ்ப் பாதியில் ஒருவரும் பதறவில்லை. அன்னத்தின் கழுத்து முறியாத சாமத்தியவீடு உண்டா? தவமணி கைப்பையைத் திறந்து பல்லுக்குச்சி எடுத்தார். ஒரு பக்கம் குத்தி மறுபக்கத்தை அதில் செருகினால் முடிந்தது. அவர் குனிந்தபோது கண்காட்சிப் பொறுப்பாளர் பிராவ் ஹெல்விக் அவருடைய மணிக்கட்டைப் பிடித்தார். மரியாதையாகத்தான் பிடித்தார். தயவுசெய்து தொடவேண்டாம், இதற்கென்று எங்களுக்கு ஒரு நிபுணர் இருக்கிறார் என்றார். அந்த அன்னத்தை வெட்டிய கை அது. மணவறையைச் சுற்றிக் கயிறு கட்டினார்கள். வரிசை கலைந்தது. "படம் எடுக்க விடாத மணவறையை என்னத்துக்குக் கட்டினவை?" என்று ரூபி அக்கா கேட்டார். அந்த முழுக் கண்காட்சியையும் பற்றி எழுதப்பட்ட எதிலும் இதைவிடச் சரியான விமர்சனத்தை நான் வாசிக்கவில்லை.

அடுத்த கிழமை, மணவறையை அருங்காட்சியகம் வாங்குவது பற்றிய பேச்சுவார்த்தைக்கு மயூரி என்னையும் கூட்டிப்போனாள். "திகதிக்காரர் ஒராள் பக்கத்தில இருக்கட்டும் மாமா" என்றாள். சுவரில் மாட்டியிருந்த குறிப்பில் அவள் சிறுவயதில் உள்நாட்டுப் போரிலிருந்து தப்பி வந்தாள் என்றும், இடிந்த கோயிலின் நினைவை மீளக் கட்டியிருக்கிறாள் என்றும் இருந்தது. அவள் வுப்பர்டாலில் பிறந்தவள், ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப்போனவன் நான் என்றேன். பிராவ் ஹெல்விக் முகம் மலர்ந்து, நாங்கள் அதை விரிந்த பொருளில் சொல்கிறோம் என்றார். "பிறந்த இடத்துக்கு விரிந்த பொருள் கிடையாது" என்றேன். என் குரல் உயர்ந்துவிட்டது. அவர் என்னைப் பரிவோடு பார்த்தார். நான் கத்தியதற்கும் போர்தான் காரணம் என்று அவர் நினைத்தது முகத்திலேயே தெரிந்தது. தண்ணீர் ஊற்றித் தந்தார்.

பிறந்த இடத்தைத் திருத்தச் சம்மதித்தார்கள். கோயில் அப்படியே இருக்கும். அப்படி விளங்கிக்கொள்வது பார்ப்பவரின் உரிமையாம். மயூரி அதிகம் வாதாடவில்லை. அவள் கேட்டது ஒன்றே ஒன்று. "மக்கள் அதில் ஏறலாமா? ஏறுவதற்காகத்தான் கட்டினேன்."

சேகரிப்புக்குள் வந்த படைப்பில் யாரும் ஏற முடியாது, இனி நீங்களும்கூட, என்று பிராவ் ஹெல்விக் மெதுவாகச் சொன்னார்.

மயூரி யன்னலுக்கு வெளியே ரைன் ஆற்றில் போன சரக்குப் படகைப் பார்த்துக்கொண்டு இருந்தாள். பிறகு, "அப்படியென்றால் உங்களுக்குப் படிகள் தேவையில்லை" என்றாள். "மற்ற எல்லாவற்றையும் எடுங்கள். படிகளை நான் கொண்டுபோகிறேன்."

அவர்கள் கோபப்படுவார்கள் என்று எதிர்பார்த்தேன். பிராவ் ஹெல்விக்கின் கண்கள் ஒளிர்ந்தன. அற்புதம் என்றார். உண்மையிலேயே அப்படிச் சொன்னார்.

படிகளை வானில் ஏற்றிக்கொண்டு வரும்போது எனக்கு அடங்கவில்லை. "வித்துப்போட்டியே பிள்ளை. கோயில் எண்டு எழுதின சுவருக்கு முன்னால அம்மாவின்ர மணவறையை வித்துப்போட்டியே" என்று ஏசினேன்.

"வேற என்ன செய்யிறது மாமா? திரும்பக் கொண்டுவந்து கராஜுக்குள்ள பூட்டி வைக்கட்டா? நூறு வருசத்துக்குப் பிறகும் அம்மா வெட்டின தாமரை அங்க இருக்கும். எழுத்தை ஆரும் ஒருநாள் மாத்தலாம்." பின்னால் கிடந்த படிகளைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு, "நீங்கள் மாத்துங்கோவன். உங்களுக்கு நேரம் கிடக்குத்தானே" என்றாள். அதற்கு நான் சிரிக்கவில்லை.

சித்திரையில் நான் கழிவு முற்றத்துக்குக் கொண்டுபோன அன்னங்கள், கராஜில் மிஞ்சிக் கிடந்தவை. அருங்காட்சியகம் இப்போது புதிய குறிப்பு மாட்டியிருக்கிறது. படிகள் இல்லாமை, துரத்தப்பட்டவர்கள் தங்கள் கோயிலுக்குத் திரும்ப முடியாமையைக் குறிக்கிறதாம். வாசித்துவிட்டு நான் அங்கேயே சத்தம்போட்டுச் சிரித்தேன்; காவலர் கிட்ட வந்தார். மூன்று மின்னஞ்சல்கள் அனுப்பினேன். கருத்துக்கு நன்றி என்று மூன்றுக்கும் ஒரே பதில் வந்தது. நான்காவதை எழுதிக்கொண்டிருக்கிறேன். அவர்கள் தலைமுறை மாறும்வரை எழுதுவேன்.

போன மாதம் வுப்பர்டாலுக்கு வெளியே ஒரு தொழிற்பேட்டை மண்டபத்தில் சாமத்தியவீடு. சோடனை வேறு ஒருவருடையது. மணவறை பிளாஸ்ரிக்கில் அச்சடித்து வந்தது. அவர்களிடம் படி இல்லை என்று தவமணியிடம் கேட்டு வாங்கியிருந்தார்கள். அருங்காட்சியகத்திலிருந்து திரும்பி வந்த அந்த மூன்று படிகளையும் மயூரிதான் கொண்டுவந்து வைத்தாள். அளவு பொருந்தவில்லை. புது மேடை உயரம். கடைசிப் படிக்கும் மேடைக்கும் இடையில் ஒரு முழம் இடைவெளி. பிள்ளை பட்டுச் சேலையும் நகையுமாக வந்து மூன்றாவது படியில் நின்று, மேலே காலை எடுத்து வைக்க முடியாமல் தடுமாறினாள். படிகள் பின்னால் வழுக்கத் தொடங்கின. மயூரி ஓடிப்போய் முழந்தாளிட்டு, இரண்டு கைகளாலும் அவற்றை மேடையோடு அழுத்திப் பிடித்துக்கொண்டாள். மாமன்காரர் பிள்ளையை மேலே தூக்கிவிட்டார். குடும்பங்கள் வரிசையாக ஏறத் தொடங்கின.

"அக்கா, நீங்கள் படத்துக்குள்ள வாறியள்" என்று படப்பிடிப்பாளர் கத்தினார். "கொஞ்சம் அங்கால தள்ளுங்கோ."

"தள்ளினாப் படி வழுக்கும் தம்பி."

"அப்ப தலையையாவது குனியுங்கோ."

மயூரி தலையைக் குனிந்து, உடம்பைப் படத்தின் சட்டத்துக்கு வெளியே இழுத்துக்கொண்டாள். கைகளை எடுக்கவில்லை. அடுத்த குடும்பம் ஏறியது.